ஆறாம் எண் சட்டை

பத்து டாலர் நாணயங்கள் இரண்டும் தரையில் விழுந்தன. இரண்டிலும் பூ.

"ரெண்டாவது தடவையும் மாட்டேங்கறாரே," என்றாள் அம்மா. ஒன்று பூவும் ஒன்று தலையும் விழுந்தால்தான் செத்தவர் சம்மதித்ததாகக் கணக்கு.

"நல்லபடியா கேளுங்க அண்ணி. அண்ணன் எதுக்குமே முதல்ல முறுக்கிக்குவார், தெரியாதா?" என்றார் ஜியாங். கொக்கு பேஸ்பால் அணியின் மேலாளர். அவர் மடியில், செத்தவருக்குப் போட்டுவிடக் கொண்டுவந்த புத்தம்புதிய அணிச்சட்டை. மார்பில் அணியின் பெயர், முதுகில் ஆறாம் எண், அதற்கு மேல் அப்பாவின் பெயர், 'சாய் யுங்-கூய்'. வாசலில் அவர் கூட்டிவந்த புகைப்படக்காரன் வெற்றிலைப்பாக்கு மென்றுகொண்டிருந்தான்.

மகள் பெய்ருங் அந்தச் சட்டையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று பந்தைத் தடுத்தவர் அப்பா. ஒருநாள் ஒரு பந்து கால்களுக்கு நடுவே போனது. சூதாட்டக்காரர்களுக்காக விட்டுவிட்டார் என்றார்கள். வழக்கில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. இருந்தும் அணி அவரைத் துரத்தியது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இதே ஜியாங். பிறகு இருபது வருடம் அப்பா சியாயி ஊரில் வான்கோழிச் சோறு விற்றார். "தட்டையும் விட்டுடாதேய்யா" என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்துப் பரிமாறினார். இப்போது ரசிகர்கள் இணையத்தில் அழுகிறார்கள், அதனால் அணிக்கும் அழுகை வந்துவிட்டது.

அம்மாவோ சட்டையைப் பார்த்ததிலிருந்து உருகிப்போயிருந்தாள். புருஷன் பெயர் கெட்டவனாகப் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

மூன்றாவது தடவை வீசினாள். ஒன்றில் பூ. இன்னொன்று உருண்டு ஜியாங் பக்கம் ஓடியது. அவர் குனிந்து உள்ளங்கையால் அமுக்கினார். கட்டைவிரல் நாணயத்தை லேசாகப் புரட்டியதைப் பெய்ருங் பார்த்தாள். கையை எடுத்தார். தலை.

"சம்மதிச்சுட்டார் அண்ணி!"

அம்மா தரையிலேயே விழுந்து கும்பிட்டாள்.

செத்தவரிடமும் ஏமாற்று. அந்தக் கையைப் பார்க்கவே பெய்ருங்குக்கு அருவருப்பாக இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. ஜியாங் பக்கம் சாய்ந்தாள்.

"நான் பாத்துட்டேன் சித்தப்பா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"அம்மா சந்தோஷமா இருக்காங்கல்ல? விடும்மா." அவர் சட்டையை அவளிடம் நீட்டினார். "அணி பேரு நல்லாத் தெரியற மாதிரி போடச் சொல்லு. அரை மணி நேரத்துல படம் எடுத்துரலாம்."

உள்ளறையில் அப்பாவின் உடம்பு விறைத்திருந்தது. ஈரல் நோய் தின்று மிச்சம் வைத்தது அவ்வளவுதான். ஈமச்சடங்குக்காரர் சட்டையைப் பிரித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"கை மடங்க மாட்டேங்குதும்மா. முதுகுல கத்தரிச்சுப் போடவா? வெளியே தெரியாது."

"முதுகுல அவர் பேரு இருக்கு. கத்தரிக்காதீங்க."

"வேற எப்படிப் போடறது?"

"பொத்தானெல்லாம் அவுத்துட்டு, முன்னுக்குப் பின்னா மாட்டுங்க."

அவர் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு பொத்தான்களைக் கழற்றினார்.

சவப்பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது புகைப்படக்காரன் கேமராவைத் தூக்கினான், இறக்கினான். அப்பாவின் மார்பில் ஆறு என்ற எண்ணும் அவர் பெயரும் மட்டும் இருந்தன. கொக்கு அணி அவருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"என்ன இது, தப்பாப் போட்டிருக்கீங்க?" ஜியாங்கின் குரல் உயர்ந்தது.

"திருப்பிப் போடணும்னா நீங்களே தூக்குங்க சித்தப்பா," என்றாள் பெய்ருங். "தலைப்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."

ஜியாங் பெட்டியைப் பார்த்தார். ஒரு அடி பின்வாங்கினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கண்ணீர்ச் சொட்டு புருஷன்மேல் விழுந்துவிடாமல் முகத்தை ஒருபக்கம் திருப்பி, பெயரின் மேலிருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.