முள்ளுக்குள் பூத்தது

காலையில் மலையேறிப் பார்த்தபோது ஒரு பூகூட இல்லை. சரிவு முழுக்க மொட்டைக் காம்புகள். நடுவில் என் ஆடுகள் இருபத்தாறும் அசை போட்டுக்கொண்டு நின்றன. பட்டிக் கதவைச் சரியாகக் கட்டாதது நான்தான். யாரைத் திட்டுவது?

அங்கே பூக்கும் அரிய ரோஜா நிறக் காட்டு ஆர்க்கிடைப் பார்க்கத்தான் பெய்ரூத்திலிருந்து அரசுத் தாவர ஆய்வாளர் டாக்டர் ரூலா அன்று வருகிறார். பூத்த செடியைக் கண்ணால் பார்த்தால்தான் குவாரிக்குத் தடை எழுதுவார். இல்லையென்றால் திங்கட்கிழமை வெடி வைத்துவிடுவார்கள். எனக்கிருக்கும் ஒரே மேய்ச்சல் அந்த மலைதான்.

குவாரிக்காரன் என் பெரியப்பா மகன் ஷாஹீன். டாக்டரோடு அவனும் வந்து இறங்கினான். மொட்டைக் காம்புகளைப் பார்த்ததும் அவன் முகத்தில் பெருநாள் வந்துவிட்டது.

"என்ன நஸ்ஹா, உன் சாட்சியையெல்லாம் உன் ஆடே தின்னுடுச்சா?"

"சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. வாய் சுளுக்கிக்கப் போகுது."

"காம்பை வெச்சு எதுவும் எழுத முடியாதும்மா," என்றார் டாக்டர். பாவம், அவருக்கும் வருத்தம்தான். பேனாவை மூடினார்.

அப்போது என் கிடாய் பில்லான் முட்புதர் ஒன்றில் மூக்கை நுழைத்து, குத்து வாங்கி, தும்மிக்கொண்டு பின்வாங்கியது. அடி மடச்சி! சின்ன வயதில் சஹ்லப் என்ற சூடான பாலில் கலக்க இந்த ஆர்க்கிடின் கிழங்கை எங்கே தோண்டினோம்? ஆட்டு வாய் எட்டாத இடத்தில்தானே?

ஓடிப்போய் இரண்டு கைகளாலும் புதரைப் பிளந்தேன். முழங்கை வரை கிழிந்தது. உள்ளே மூன்று தண்டுகள், ஓர் இதழ்கூடக் குறையாமல் நிமிர்ந்து நின்றன.

"டாக்டரம்மா! ஓடியாங்க!"

அவர் மண்ணில் மண்டியிட்டார். அடுத்த புதரைப் பிளந்தேன், நான்கு. அதற்கடுத்ததில் ஏழு. மதியத்துக்குள் அறுபத்திரண்டு எண்ணிவிட்டோம்.

"இது போதுமாம்மா?" என்றேன்.

"முதல் பூவே போதும்."

"அப்புறம் ஏன் இத்தனை எண்ணினீங்க?"

"உங்க அண்ணன் முகத்தைப் பாக்கத்தான்."

அங்கேயே பாறைமேல் தாளை வைத்துத் தடையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ரத்தக் கைகளை ஷாஹீனிடம் நீட்டினேன்.

"அண்ணே, வந்ததுக்கு ஒரு வேலையாச்சும் செய்யுங்க. இந்த முள்ளை எடுத்துவிட்டுட்டுப் போங்க."

அவன் கார்க் கதவை அறைந்து சாத்தினான். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை. முள்ளைப் பல்லால் பிடுங்கித் துப்பிக்கொண்டே கிடாயிடம் சொன்னேன்:

"மலை நம்மளுதுடா. மெதுவாத் தின்னு."