தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஒரு மணி நேரம்

வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு ஓடிப்போய்க் குதிக்கும். தடுக்க வீட்டில் ஆள் ஏது? பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நான் கம்பத்தில் வாழைக்காய் மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றுகிறவன். இருட்டித்தான் வீடு திரும்புவேன்.

போன வருஷம் மேலத்தெருப் பையன் ஒருவனை மதகு இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து என் மகள் வேல்விழியை நினைத்தால் தோளில் தார் இருக்கும்போதே கை விட்டுப்போகும். அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். நீச்சல் மட்டும் தெரியாது. சொல்லிக் கொடுக்க எனக்கும் தெரியாது. நானும் அவள் அம்மா முத்துலட்சுமியும் ஆண்டிபட்டிப் பக்கம் தண்ணீர் இல்லாத மேட்டுக்காட்டில் பிறந்து பிழைக்க வந்தவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில்கூட நான் இறங்கியதில்லை.

பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். பயிற்சி கொடுக்க ஆளும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கேட்டது என் அரைநாள் கூலி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை போய், கம்பி வழியாக நீலத்தண்ணீரைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அனிதா மேரி டீச்சர்தான் விடவில்லை. மதகு இழுத்துக்கொண்ட பையன் அவர் வகுப்புப் பிள்ளை. குளத்து முதலாளி சூரியபிரகாஷிடம் நடையாய் நடந்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு மணி நேரம் என்று அவர் ஒத்துக்கொண்டது நல்ல மனசுதான். ஆனால் முதலில் அவர் கொடுத்தது வேலை நாளில் பகல் பதினொரு மணி.

"அந்நேரம் பிள்ளைக பள்ளிக்கூடத்துல இருக்கும், பெத்தவுக வேலையில இருப்பாக. யாரு தம்பி வருவா? காக்காயா?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். சூரியபிரகாஷ் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியை மாற்றிக் கொடுத்தார். காசு கட்டும் பிள்ளைகள் ஏழு மணிக்கு வருமுன் எங்கள் பிள்ளைகள் ஏறிவிட வேண்டும். நீச்சல் உடுப்பெல்லாம் டீச்சர் யார் யாரிடமோ கேட்டுப் பழசாக வாங்கி வந்தார்.

முதல் ஞாயிறு திருவிழா மாதிரி இருந்தது. பயிற்சி கொடுத்த பிரின்ஸ் குமுளிக்காரர். கம்பியைப் பிடித்துக் காலை அடிக்கச் சொன்னார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை ஊதச் சொன்னார். வேல்விழி அன்று முழுக்க வீட்டில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள்.

முத்துலட்சுமிக்கு மட்டும் ஒரு கவலை. பிள்ளையின் கண் சிவந்திருந்தது. தலைமுடி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. "மருந்து போட்ட தண்ணில்ல, சூடு ஏறிப்போச்சு" என்றாள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் எழுந்து நல்லெண்ணெயைக் காய்ச்சினாள். அதில் ரெண்டு மிளகு போட்டாள். வேல்விழியை வாசலில் உட்காரவைத்து உச்சியில் ஊற்றினாள்.

"போதும்மா, மூஞ்சியில வழியுது!"

"வழியட்டும், குனி ஆத்தா. அம்புட்டுத் தண்ணியில எறங்கப் போற, சூடு தணிய வேணாமா?"

எதிர்வீட்டு வியாகுலமேரி எட்டிப் பார்த்தாள். "என்னடி முத்து, மகளுக்கு நலங்கா? எங்களுக்குப் பத்திரிக்கையே வரல?"

"வாயப் பாரு இவளுக்கு. ஒன் மகளையும் கூட்டியா, எண்ணெ மிச்சம் கெடக்கு."

அவள் கூட்டி வந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளிலும் தேய்த்துவிட்டார்கள். முத்துலட்சுமி ஒவ்வொரு பிள்ளை கையிலும் சீயக்காய்ப் பொட்டலம் கொடுத்தாள். நல்ல தண்ணீரில் பிள்ளைகள் தலைமுழுகப் போகின்றன, அதை முறையாகச் செய்வோம் என்றுதான் எல்லோருமே நினைத்தோம். மண்டி மினிவேனை இரவல் கேட்டுக் கூட்டிப்போனவன் நான்தான். எண்ணெய் மினுங்கிய அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஷவரில் நனைந்துவிட்டு இறங்க வேண்டும் என்று பிரின்ஸ் சொல்லியிருந்தார். பிள்ளைகள் நனைந்துவிட்டுத்தான் இறங்கின. நல்லெண்ணெய் வெறும் தண்ணீருக்கா போகும்? அன்று குளத்துக்குள் மிதந்து காட்டிக்கொண்டிருந்தார் பிரின்ஸ். கம்பியை விடு, கையை விரி, வயிற்றை மேலே தூக்கு. வேல்விழி விரித்தாள். ஒரு மூச்சு நேரம் மிதந்தாள். "அப்பா!" என்று கத்தினாள்.

அப்போதுதான் பிரின்ஸ் தண்ணீரைப் பார்த்தார். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாகப் படர்ந்து வெயிலில் வண்ணம் காட்டியது. படிக்கட்டில் வியாகுலமேரியின் மகள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தலையில் அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பு நுரை குளத்துக்குள் இறங்கியது.

"ஐயோ, எந்தா இது!" என்று தலையில் கை வைத்தார் பிரின்ஸ். "குளிக்க வந்தீங்களா, நேந்திரங்கா சிப்ஸ் போட வந்தீங்களா?"

விசில் ஊதினார். எல்லாப் பிள்ளைகளும் ஏறி வரிசையாக நின்றன. ஏழு மணிப் பிள்ளைகள் காரில் வந்து இறங்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு அம்மா தண்ணீரைப் பார்த்தார், எங்கள் பிள்ளைகளைப் பார்த்தார், மகளைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிப் போனார்.

சூரியபிரகாஷ் வந்து சேர்ந்தபோது டீச்சரும் ஓடி வந்துவிட்டார். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்கு நான் எதையாவது சொல்லியிருப்பேன்.

"அண்ணே, உங்க மேல கோவம் இல்ல. எண்ணெ ஃபில்டருக்குள்ள போயிருச்சு. தண்ணி பூராவும் மாத்தணும்."

"நாங்க லோடுமேன் ஆளுக வந்து எறைச்சு விட்டுர்றோம்யா. தொட்டியத் தேச்சுக் கழுவி விட்டுர்றோம். மண்டியில சொல்லி இன்னைக்கே வாரோம்."

"அதுக்கெல்லாம் ஆளு இருக்குண்ணே."

டீச்சர் சொன்னார்: "தெரியாமப் பண்ணிட்டாக தம்பி. அடுத்த வாரத்துல இருந்து நானே ஒவ்வொரு தலையாப் பாத்துக் கூட்டியாறேன்."

சூரியபிரகாஷ் செல்போனை டீச்சரிடம் நீட்டினார். காசு கட்டுகிற பெற்றோர் குரூப்பில் ஏதேதோ போட்டிருந்தார்கள். டீச்சர் நின்று படித்தார். முகம் சுருங்கியது. எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

"பாதிப் பேரு பணத்தத் திருப்பிக் கேக்குறாக டீச்சர். கடன வாங்கிக் கட்டுன குளம். நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பிள்ளைகளை வேனில் ஏற்றினேன்.

வீட்டில் முத்துலட்சுமி ஆவலாக நின்றாள். நடந்ததையும், இனி அந்த ஒரு மணி நேரம் இல்லை என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்படியில் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தேய்ப்பேனா? எண்ணெ ஆகாதுன்னு எவுகளாவது சொன்னாகளா?"

சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளத்தில் இறங்குவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தேய்க்காமல் இறங்குவார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் ஜீப்புக்குப் போகும்போது, "பிள்ள வாய்க்காலுக்குப் போகாமப் பாத்துக்கங்க" என்றாள். நான் எப்படிப் பார்ப்பது? மண்டியில் லாரி நின்றது.

வியாழக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். வீடு திறந்து கிடந்தது, பள்ளிக்கூடப் பை மட்டும் இருந்தது. வாய்க்காலுக்கு ஓடினேன். வேல்விழி கழுத்தளவுத் தண்ணீரில், கரைப் புல்லைக் கம்பி மாதிரிப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவளை இழுத்த இழுப்பில் புல் வேரோடு வரப் பார்த்தது.

அடிப்பதற்குத்தான் போனேன். கை வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். காலடியில் மண் நகர்ந்தது. ஒரு கையால் கரை மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்தேன். அவள் கையை விரித்தாள், வயிற்றைத் தூக்கினாள். ஒரு நிமிஷம் மிதந்தாள். தண்ணீர் அவள் தலையை மதகுப் பக்கம் திருப்பியது.

"அடுத்து என்ன ஆத்தா செய்யணும்?" என்று கேட்டேன். "பிரின்ஸ் சார் என்ன சொன்னாரு?"

"தெரியலப்பா. அதுக்குள்ள விசில் ஊதிட்டாக."