சம்மட்டி எழுதிய புகார்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவனுக்குப் பகலெல்லாம் ஊரார் பார்வையைச் சரிசெய்யும் வேலை. கடைக்குக் கிளம்புமுன் ஊராரின் அரசியலைச் சரிசெய்யும் வேலை. இணையத்தில் அவன் பெயர் சம்மட்டி. சொந்த வலைப்பதிவு, பதினோராயிரம் வாசகர்கள், எதிரணி என்றாலே எச்சில் தெறிக்கும் நடை. அவனுக்கென்று ஒரு முறை உண்டு: முதலில் தலைப்பு, பிறகுதான் விஷயம்.

அன்று காலை தலைப்பு தயார்: "குரல்வளையை நெரித்த கைக்கூலி." விஷயத்தைத் தேடினான். முந்தின வாரம் அவன் கட்சித் தலைவர் மேடையில் பேசும்போது மைக் மூன்று நிமிடம் செத்துப்போனது. வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார்: அதே மைக்செட்காரர் மறுநாள் எதிரணி மேடைக்குப் பின்னால். குனிந்த முதுகு, பக்கத்தில் ஒரு வேன், அதன் நம்பரில் பாதி. அது போதாதா? "இந்தத் துரோகியின் கை இனி எந்த மைக்கையும் தொடக் கூடாது. தேடிப் பிடியுங்கள்" என்று தட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.

நாலாயிரம் பேர் விருப்பக்குறி இட்டார்கள். அதில் ஒன்று என்னுடையது. படத்தை நானும் உற்றுப் பார்க்கவில்லை, டீ ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் சம்மட்டியை அவன் அண்ணி போனில் அழைத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். ஒரே ஊர்தான். ஆனால் நாட்டைத் திருத்தவே நேரம் போதாதவன், அண்ணன் வீட்டுப் பக்கம் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணன் கட்டிலில் கிடந்தார். வலது கை முழங்கை வரை கட்டு.

"மூணு பேருடா. கடைக்குள்ள வந்து கம்பியால அடிச்சாங்க. தலைவர் பேச்ச நான் கட் பண்ணிட்டேனாம். வயர மிதிச்சுப் புடுங்கினதே தலைவரோட ஆளுதான். மறுநாள் எதிர்க்கட்சி மேடைக்கு வாடகை. ஆம்ப்ளிஃபையருக்கு ஏதுடா கட்சி?"

தம்பி தன் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"போலீஸ்ல புகார எழுதிக் கேக்குறாங்க. நீதான் நல்லா எழுதுவியே, நறுக்குன்னு எழுது. எவனோ சம்மட்டியாம், அவனையும் சேத்துக்கோ."

அண்ணி போனை நீட்டினாள். "இதப் படிங்க தம்பி. வீட்டுல மனுஷங்களோட வளந்தவன் எழுதுற எழுத்தா இது?"

அவன் முதல்முறையாகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஸ்பீக்கர் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிய முதுகு. ஏழு வருடம் சைக்கிளில் அந்த முதுகைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனான்.

"நான்தாண்ணே சம்மட்டி."

இத்தனை வருடம் 'வாங்க, போங்க' என்ற அண்ணி அந்த மரியாதையைச் சட்டென்று இறக்கி வைத்தாள். "கம்பியத் தூக்கினவங்க மூணு பேரு. யார அடிக்கணும்னு காட்டினது நீ. அவனுங்களாவது நேர்ல வந்தானுங்க. நீ வீட்டுல உக்காந்துக்கிட்டே அடிச்சிருக்க."

"தெரியாம எழுதிட்டேன் அண்ணி. நம்ம அண்ணன்னு தெரிஞ்சிருந்தா..."

"அதாண்டா எனக்கு ஆத்திரம்," என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "வேற ஒரு மைக்செட்காரனா இருந்திருந்தா, இந்நேரம் நீ அடுத்த தலைப்பு போட்டிருப்ப."

அடுத்த தலைப்பு ஏற்கெனவே அவன் போனில் இருந்தது.

"முப்பது வருஷமா வால்யூமக் கூட்டிக் கூட்டிப் பாத்தவன் சொல்றேன். கோவப்படு, கேள்வி கேளு, வேணாங்கல. ஆனா யாரு, என்னன்னு விசாரிச்சுட்டுக் கேளு. சத்தத்தக் கூட்டினா பொய் உண்மையாகாது. கேக்குறவன் காதுதான் கிழியும். இல்ல, எவனோ ஒருத்தன் கை உடையும்."

அவன் தாளை வாங்கி உட்கார்ந்தான். தலைப்புக்கு இடம் விட்டுவிட்டு, நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினான். அடிக்கத் தூண்டியவர் என்ற இடத்தில் தன் நிஜப் பெயரையும் முகவரியையும் எழுதினான். பத்து வருடத்தில் சம்மட்டி விசாரித்து எழுதிய முதல் விஷயம் அதுதான்.