ரேவின் யார் பின்னால் வருவாள்

லின்லிக்கு வயிற்றெரிச்சல். இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை, சொன்னாலும் அவளைத் தெரிந்தவர்கள் நம்பப்போவதில்லை. மகளுக்கே குழந்தை பிறந்துவிட்ட வயதில், ஒருத்திக்குத் தன் சிநேகிதியின் புது சிநேகிதியைப் பார்த்து வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். நன்றாகவே எரியும். நியூசிலாந்தின் ரோட்டோரூவாவில், வெந்நீர் ஊற்றுகளின் கந்தக வாடை வராத தெருவாகப் பார்த்து வீடு வாங்கியவள், இப்போது அந்த வீட்டுக்குள் தானே புகைந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையென்றால் லின்லியும் ரேவினும் ரோடு சைக்கிளில் ஏரியைச் சுற்றி வருவார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். முன்னால் லின்லி, பின்னால் ரேவின். முன்னால் போகிறவள் காற்றைத் தாங்க வேண்டும். பின்னால் வருகிறவள் அவளுடைய பின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு சுகமாக மிதிக்கலாம். ஆனால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ரோடு தெரியாது. அதனால் பள்ளமோ கண்ணாடிச் சில்லோ வந்தால் முன்னால் போகிறவள் கையை இறக்கி விரலால் காட்டுவாள். மற்றவர்கள் முறை மாற்றி முன்னும் பின்னும் போவார்கள். இவர்கள் மாற்றிக்கொண்டதே இல்லை. "உன் முதுகு அகலம்டி, அதுக்குப் பின்னாடி ஒரு குடும்பமே குடியிருக்கலாம்" என்பாள் ரேவின். இதை ஒரு புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு அடுத்த மேட்டை இன்னும் வேகமாக மிதிப்பவள் லின்லி. முடிந்ததும் ஏரிக்கரைக் கடையில் சீஸ் போட்டுச் சுட்ட ஒரு ஸ்கோன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்துத் தின்பார்கள்.

போன மார்ச்சில் ஒரு மர லாரி ரேவினின் முழங்கையை உரசாத குறையாகப் போயிற்று. அன்றோடு அவளுக்கு ரோடு வெறுத்துவிட்டது. சரி, பயம் தெளியட்டும், பிறகு கூப்பிடலாம் என்று லின்லி விட்டுப்பிடித்தாள். அந்த இடைவெளியில்தான் ரிப்பெக்கா நுழைந்தாள். ரேவின் வீட்டுக்கு எதிர்வீடு, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், நாற்பது வயது, சிரித்தால் தெருக்கோடிவரை கேட்கும். "காட்டுக்கு வா, அங்க லாரி இல்ல" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாளாம். ரேவின் தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஸ்கோன் தின்ன மட்டும் வந்தாள். வந்தாலும் மூச்சுக்கு முந்நூறு தடவை அதே பேச்சு.

"ரிப்பெக்கா சொல்றா, வளைவுல முன் சக்கரத்தப் பாக்கவே கூடாதாம். வளைவு முடியிற எடத்தப் பாக்கணுமாம்."

"ஓகோ."

"அவ பின்னாடியே போனா பயமே இல்ல லின். அவ சக்கரம் எங்க போகுதோ அங்க விட்டாப் போதும்."

லின்லி வாயில் இருந்த ஸ்கோனை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"நவம்பர்ல காட்டுல ஜோடிப் பந்தயம் இருக்கு. ஆளுக்கு ஒரு சுத்து, மாத்தி மாத்தி நாள் பூரா ஓட்டணும். நானும் ரிப்பெக்காவும் பேர் குடுக்கலாம்னு இருக்கோம்."

"குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. டயம் இருக்கே."

டயம் இருந்தது. அது போதும் லின்லிக்கு. பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும் தாளில் ரேவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதவேண்டிய பெயர் எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்த வாரமே பழைய மலை சைக்கிள் ஒன்று வாங்கி வந்து கராஜில் நிறுத்தினாள். அவள் புருஷன் மர்ரே அதையும் பார்த்து, அவளையும் பார்த்தான்.

"இது யாரோட சண்டை போடறதுக்கு?"

"உடம்புக்கு நல்லதுன்னு வாங்கினேன்."

"அப்படியா. உடம்பு பொழைச்சா சரி" என்று சொல்லிவிட்டு அவன் புல் வெட்டப் போய்விட்டான்.

முதல் நாளே மானம் போயிற்று. காட்டு வாசலில் எல்லாரும் தொளதொள சட்டையும் முழங்கால் கவசமுமாக நிற்க, இவள் உடம்போடு ஒட்டின ரோடு உடுப்பில் போய் இறங்கினாள். ரிப்பெக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு மேல ஏதாச்சும் போடப்போறியா, இல்ல தோல உரிச்சுட்டு வந்ததே போதும்னு இருக்கியா?"

ரேவின் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுதான் சுட்டது. அக்காவாம் அக்கா. யாருக்கு யார் அக்கா?

ரோடு சைக்கிளில் இருபது வருஷம் ஓட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்துத்தான் வந்தாள். விஷயமாகத்தான் இருந்தது. வேரைக் கண்டால் பிரேக் பிடித்தாள், பிரேக் பிடித்தால் விழுந்தாள். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, பின்னால் தள்ளி நில் என்று சொன்னால், உட்கார்ந்தே பழகிய உடம்பு கேட்கவில்லை. ஒருதரம் பெரணிப் புதருக்குள் தலைகுப்புறப் போய், கால் மட்டும் வெளியே தெரிந்தது. ரிப்பெக்காதான் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தாள். உதவி செய்கிறவளைத் திட்ட முடியாது என்பது எவ்வளவு பெரிய தொல்லை.

வலித்தது விழுந்தது அல்ல. ரெட்வுட் மரங்களுக்கு நடுவே அவர்கள் இருவரும் இறங்கிப் போவதைப் பார்ப்பது. முன்னால் ரிப்பெக்கா, அவள் பின் சக்கரத்தை விடாமல் ரேவின். "வேர்டீ!", "இப்ப விடு, பிரேக்க விடு!" என்று முன்னால் இருந்து குரல் வரும். ரேவின் சிறுபிள்ளை மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டு போவாள். இத்தனை வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் வந்தவள் ஒருநாள்கூட இப்படிக் கத்தியதில்லையே என்று லின்லி நினைத்தாள். காற்றைத் தாங்கினது நான், கூச்சல் அவளுக்கா?

லின்லி ரோஷக்காரி. தான் வேலைபார்க்கும் மருந்துக்கடை திறப்பதற்குமுன் தினமும் தனியாகக் காட்டுக்கு வந்தாள். அதே வேர், அதே வளைவு, விழுந்து எழுந்து மறுபடி. முழங்காலில் தழும்பின்மேல் தழும்பு. ஆனால் ஏற்றத்தில் மட்டும் அவளை அடிக்க ஆள் இல்லை. அந்தத் தொடை சும்மா வந்ததா? ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் பின்னால் விட்டுவிட்டு உச்சிக்குப் போய், அவர்கள் கண்ணில் படுவதற்குள் மூச்சைச் சரிசெய்துகொண்டு, எப்போதோ வந்து சலித்துப்போனவள் மாதிரி மரத்தில் சாய்ந்து நிற்பாள்.

"மேட்டுல இவள வச்சுக்கிட்டா பந்தயத்துல ஜெயிச்சிரலாம் போல" என்றாள் ரேவின் ஒருநாள், மூச்சு வாங்கியபடி. அந்த ஒரு வரியில் லின்லிக்கு ஒரு வாரம் ஓடிற்று.

அக்டோபரில் ஒரு மழை நின்ற காலை. உச்சியில் ரேவினின் செயின் சிக்கிக்கொண்டது. "நீங்க போங்க, நான் சரிபண்ணிட்டு வர்றேன்" என்றாள்.

"அக்கா, இன்னிக்கு நீ முன்னாடி போ" என்றாள் ரிப்பெக்கா. "பின்னாடி ஒட்டியே வர்றேன். நீ கால எப்படி வைக்கிறன்னு பாத்தாத்தான் உன் தப்பு தெரியும்."

லின்லி முன்னால் இறங்கினாள். நன்றாகவே போனாள். மூன்றாவது வளைவுக்கு அப்பால் நிழல். அந்த நிழலில், ஒரு வேருக்குக் கீழே, மழை அரித்த புதுப் பள்ளம். லின்லி கடைசி நிமிஷத்தில் பார்த்துச் சக்கரத்தை ஒடித்துத் தப்பினாள். பின்னால் ஒட்டி வருகிறவளுக்கு அது தெரியாது. அது லின்லிக்குத் தெரியும். 'விழட்டுமே' என்று தோன்றியது. ஒரு நொடிதான். ஆனால் தெளிவாகத் தோன்றியது.

தோன்றி முடிவதற்குள் அவளுடைய இடது கை ஹேண்டிலை விட்டு இறங்கிப் பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

தார் ரோட்டில் ஒற்றைக் கை போதும். வேர் நிறைந்த இறக்கத்தில் போதாது. கையிலிருந்த ஒரே பிரேக்கை, முன் பிரேக்கை, வலது கை பயத்தில் இறுக்கிவிட்டது. முன் சக்கரம் நின்றது, லின்லி பறந்தாள், சைக்கிள் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. ரிப்பெக்கா பள்ளத்தைத் தாண்டிவிட்டாள். சைக்கிளைத் தாண்ட இடம் இல்லை. ஒதுங்கப் போய், மரமாகவே வளர்ந்து நின்ற ஒரு பெரணியில் தோளால் மோதினாள். குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ரேவின் வளைவு திரும்பி வந்தபோது லின்லி எழுந்து நின்றிருந்தாள். ரிப்பெக்கா தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள். ரேவின் முதலில் ரிப்பெக்காவைப் பார்த்தாள். பிறகு லின்லியைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

காறை எலும்பு முறிவு. டாக்டர் உள்ளே ரிப்பெக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் ரேவின் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். நேராப் பதில் சொல்லு. வேணும்னே பண்ணியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். 'விழட்டுமே' என்று நினைத்தவள் எந்த முகத்தோடு இல்லை என்பாள்? பொய் சொல்ல வராதவள் என்பது அவளுடைய பெருமைகளில் ஒன்று. அது இந்த நேரம் பார்த்துக் கழுத்தை அறுத்தது.

"நான்… கையக் காமிச்சேன்" என்றாள் கடைசியில்.

"காட்டுலயா? எறக்கத்துலயா? யாருக்குக் கத சொல்றே?" என்றாள் ரேவின். "பந்தயத்துல எடம் வேணும்னா கேட்டிருக்கலாமேடி."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை.

இரண்டு சைக்கிளும் கராஜில் கிடந்தன. மர்ரே டீ போட்டுக் கொடுத்தான், அவ்வளவுதான். ஞாயிறு வந்தது. லின்லி ஏரிப்பக்கம்கூடப் போகவில்லை. இத்தனை வருஷம் யாருக்காகக் கையை இறக்கிக் காட்டினோமோ, அவளே அந்தக் கையை நம்பவில்லையே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அழுதாள். ஆத்திரத்தில் பாதி, அவமானத்தில் பாதி.

மறுநாள் முட்டையும் பேக்கனும் உள்ளே வைத்து ஒரு பை சுட்டு எடுத்துக்கொண்டு ரிப்பெக்கா வீட்டுக்குப் போனாள். எதிரே ரேவின் வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் விடுவிடென்று நடந்தாள். ரிப்பெக்கா கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்ட கையோடு சோபாவில் இருந்தாள். லின்லி உட்காரக்கூட இல்லை.

"ஒன்னு சொல்லிடறேன். அந்தப் பள்ளத்தப் பாத்தப்ப, நீ விழணும்னு நெனச்சேன். ரேவின் சந்தேகப்பட்டதுல தப்பு இல்ல."

ரிப்பெக்கா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், உடனே தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"அய்யோ, சிரிக்க வைக்காத அக்கா, உயிர் போகுது. நெனச்சது உன் மண்ட. கைய நீட்டினது யாரு? பின்னாடி வந்தவ நான்தானே, நான் பாத்தேனே! இருபது வருஷமா ஓட்டறேன், காட்டுல எனக்கு எவளும் கைகாட்டினது இல்ல. கூறுகெட்ட வேலதான். ஆனா எனக்காகப் பண்ணின கூறுகெட்ட வேல."

லின்லி அப்போதுதான் உட்கார்ந்தாள். இவளை வெறுத்த மாசங்களையெல்லாம் யாராவது திருப்பித் தந்தால் தேவலை என்றிருந்தது. லின்லி சுட்டு வந்ததை ரிப்பெக்கா ஒற்றைக் கையால் தின்று தீர்த்தாள். அவள் தலைமுடி சிக்குப் பிடித்துத் தோளெல்லாம் விழுந்து கிடந்தது. ஒரு கையால் கட்ட முடியவில்லையாம்.

"திரும்பு" என்றாள் லின்லி.

சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, பின்ன ஆரம்பித்தாள். பந்தயம், பஸ்ஸில் வாந்தியெடுக்கும் பிள்ளைகள், மர்ரேயின் புல் வெட்டும் பைத்தியம் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ரிப்பெக்கா மறுபடி சிரித்தாள், மறுபடி முனகினாள். லின்லியும் சத்தமாகச் சிரித்தாள். பின்னல் இடுப்புவரை வந்து முடியப்போகிற சமயம், கதவு திறந்தது.

ரேவின். கையில் சூப் பாத்திரம். சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்க வேண்டும். அவள் பார்வை ரிப்பெக்காவின் முகத்துக்குப் போயிற்று, பிறகு பின்னலுக்கு, பிறகு அந்தப் பின்னலைப் பிடித்திருந்த கைகளுக்கு.

"நீ எப்ப வந்தே?"

"அவ வந்து ரொம்ப நேரமாச்சு" என்றாள் ரிப்பெக்கா. "ரேவின், உனக்கு ஒன்னு தெரியுமா? இவ நெஜமாவே எனக்குப் பள்ளத்தக் காமிச்சா. கண்ணால பாத்தேன். நீ இவகிட்ட மன்னிப்புக் கேளு. கேட்டுட்டுப் பந்தயத்துக்கும் கூப்பிடு. என்னால இப்ப முடியாது."

ரேவின் சூப்பை மேஜைமேல் வைத்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்க லின்" என்றாள் மெதுவாக. "உன்னப் போய் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னோட ஓட்ட வர்றியா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் புதருக்குள் தலைகுப்புற விழுந்தாள், முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். வருகிறேன் என்பதைத் தவிர வேறு பதில் அவளிடம் கிடையாது. சொல்ல வாயைத் திறந்தவள், ரேவின் தன் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதைக் கவனித்தாள். அந்தப் பார்வையை லின்லிக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாசமாகத் தன் முகத்தில் அதை வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்தானே.

"இன்னும் முடியலையா அந்தப் பின்னல்?" என்றாள் ரேவின். குரலில் ஒரு சின்ன வெடுக்கு.

"எங்க முடியுது, சரியா வரலடி. கொஞ்சம் இரு, சொல்றேன்" என்றாள் லின்லி. முடிந்திருந்த பின்னலை விரலால் நுனியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே வந்து, உச்சியிலிருந்து மறுபடி, நிதானமாகப் பின்ன ஆரம்பித்தாள்.