சொல்லாமல் சேர்த்த பிள்ளை

ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதல் மூன்று நாள் பாடம் கிடையாது. பள்ளியைச் சுற்றிக் காட்டுவார்கள், டீச்சர்களை அறிமுகம் செய்துவைப்பார்கள், மைதானத்தில் விளையாட விடுவார்கள். முதல் நாள் மட்டும் பெற்றவர்களும் கூட வரவேண்டும் என்று ராசிபுரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சரிதா தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, மகள் பிரவீனாவோடு காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளின் காதருகே குனிந்து சொன்னாள். "சாமி, உனக்குச் சுகர் இருக்குதுன்னு அங்க யார்கிட்டயும் சொல்லிப்போடாத."

"ஏம்மா?"

"கொஞ்ச நாள் போகட்டும் கண்ணு. அப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

பிரவீனா தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவே சரிதாவுக்கு என்னவோ போலிருந்தது.

நாலாம் வகுப்புப் படிக்கும்போது வந்தது அது. பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஆள் பாதியாக இளைத்தாள், ஒருநாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இனிமேல் காலமெல்லாம் இன்சுலின் ஊசி என்றார்கள். உள்ளூர் ஆரம்பப் பள்ளியில் படித்தவரைக்கும் மத்தியானம் தலைதெறிக்க ஓடிவந்து ஊசி போட்டுவிட்டு, சோறு தின்னவைத்துவிட்டுத் திரும்ப ஓடுவாள் சரிதா. அந்த நேரத்துச் சாப்பாட்டை அவள் என்றைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆறாவதுக்கு முதலில் கேட்ட பள்ளியில் விஷயத்தைச் சொன்னதும், "இந்தப் பொறுப்பெல்லாம் எங்களால முடியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார்கள். லாரியோடு வடக்கே போயிருந்த புருஷன் தனசேகர், "விடு சரிதா, வேற பள்ளிக்கூடமா இல்லை" என்று போனில் தேற்றினான். இந்த வேற பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறக்கவேயில்லை. சூடாகச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி மத்தியானம் பள்ளி வாசலுக்கு வந்து, மறைவாக ஊசியைப் போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு.

பெற்றவர்களை ஹாலில் உட்காரவைத்துத் தலைமையாசிரியை சௌந்திரம் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை விளையாட்டு டீச்சர் மைதிலி மைதானத்துக்கு அழைத்துப் போயிருந்தார். சரிதாவுக்குப் பேச்சில் மனசு ஒட்டவில்லை. காலையில் ஊசி போட்ட பிறகு, புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பரபரப்பில் பிள்ளை ஒன்றரை இட்லியோடு கையைக் கழுவிவிட்டாள். பாவாடைப் பையில் மிட்டாய் இருக்கிறது, சர்க்கரை குறைந்து உடம்பு நடுங்கினால் வாயில் போட்டுக்கொள்வாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஒரு பெரிய வகுப்புப் பெண் வாசலில் வந்து நின்று, "பிரவீனா அம்மா யாருங்க?" என்றாள்.

எழுந்தது சரிதாவுக்குத் தெரியும். மைதானத்தை எப்படிக் கடந்தாள் என்பது தெரியாது.

வேப்பமர நிழலில் பிரவீனா உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. மைதிலி டீச்சர் தரையில் மண்டியிட்டு, டம்ளரைப் பிடித்து அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க, தெளிஞ்சுட்டா" என்றார் டீச்சர். "கை நடுங்குச்சு. என்னம்மான்னு கேட்டேன். எனக்குச் சுகர் இருக்குங்க மிஸ், இப்பக் கொறைஞ்சுபோச்சு, சீக்கிரம் சர்க்கரை குடுங்கன்னு அவளே சொன்னா. டீ போட வெச்சிருந்த சர்க்கரையைக் கலக்கிக் குடுத்தேன்."

சரிதா கைப்பையிலிருந்த சுகர் பார்க்கும் கருவியை எடுத்து மகளின் விரலில் குத்திப் பார்த்தாள். குறைந்திருந்த சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"மிட்டாய் எங்க சாமி?"

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள். "பக்கத்துல உட்கார்ந்த புள்ளைங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். ஃப்ரெண்ட் ஆகறதுக்கு." பிறகு, "சொல்லிட்டேன்மா. சொல்லாம இருக்க முடியலை" என்றாள்.

சரிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அறைக்குக் கூப்பிடுவார்கள். டி.சி.யைக் கையில் கொடுப்பார்கள்.

அறைக்குத்தான் கூப்பிட்டார்கள். சௌந்திரம் டீச்சர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஏம்மா எங்ககிட்டச் சொல்லலை?"

"சேர்த்துக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேனுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னைக்கு அந்தப் புள்ள வாயத் திறந்து சொன்னதால தப்பிச்சோம். எங்களுக்குத் தெரியாம ஏதாச்சும் ஆயிருந்தா, நீங்களும் தாங்க மாட்டீங்க, நாங்களும் தாங்க மாட்டோம்."

"தப்புத்தானுங்க."

"அதை விடுங்க. நாளைக்கு ஊசி, மருந்து, டாக்டர் எழுதுன சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. எங்க டீச்சருங்களுக்கு என்ன பண்ணணும்னு தெரியணும். இங்க படிக்கிற புள்ளையை நாங்கதான பார்க்கணும்?"

சரிதா நாற்காலியிலேயே அழுதுவிட்டாள். அவர் தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் சரிதா விளக்கிச் சொல்ல, டீச்சர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மைதிலி டீச்சர் கருவியைத் தன் விரலிலேயே குத்திப் பழகினார். கோடை லீவில் பழகிவிட்டதால் ஊசியைப் பிரவீனாவே போட்டுக்கொள்வாள், பக்கத்தில் ஒருவர் நின்று அளவைச் சரிபார்த்தால் போதும் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் பாதி பயம் போய்விட்டது. மருந்தை அங்கிருந்த சின்ன பிரிட்ஜில் வைக்க, கணக்கு டீச்சர் தன் தயிர் டப்பாவைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிக்கொண்டார்.

வகுப்பில் சொல்லலாமா என்று மைதிலி டீச்சர் பிரவீனாவிடம் கேட்டார். நானே சொல்கிறேன் என்று அவள் எழுந்து நின்றாள். சொல்லி முடித்ததும் சுகன்யா என்ற பெண், "அப்ப உனக்கு மிட்டாய் குடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

"கை நடுங்குனாக் குடுங்க. மத்த நேரம் எனக்குக் காட்டாமத் தின்னுங்க" என்றாள் பிரவீனா. வகுப்பே சிரித்தது.

மூன்றாம் நாள் சரிதா வேலைக்குப் போனாள். மத்தியான மணி அடித்ததும் கால்கள் தானாகவே வாசலுக்கு நடந்தன. அதற்குள் போன் வந்தது. மைதிலி டீச்சர்தான். "ஊசி போட்டாச்சு, சாப்பிடறா. நீங்களும் போய்ச் சாப்பிடுங்க" என்றார். சரிதா திரும்பி வந்து, கூட வேலை செய்கிற பெண்களின் நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறுதான். கடைசிப் பருக்கை வரைக்கும் உட்கார்ந்தே சாப்பிட்டாள்.

சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனபோது மைதிலி டீச்சர் வாசலில் நின்றிருந்தார். சரிதா நேராக அவரிடம் போய் நின்றாள்.

"உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க டீச்சர். எங்க ஊட்டுக்காரர்கூட நேத்துப் போன்ல அழுதுட்டாருங்க. உங்களை நேர்ல பார்த்துக் கும்பிடணும்னு சொன்னாரு."

"கும்பிடெல்லாம் வேண்டாம்" என்றார் மைதிலி டீச்சர். "அவரு வந்தா அவரும் ஊசி போடக் கத்துக்கட்டும். அப்புறம் ஒண்ணு கேக்கணும். உங்க பொண்ணு நல்லா ஓடறா. கோ-கோ டீம்ல சேர்த்துக்கட்டுங்களா?"

சரிதா மைதானத்தைப் பார்த்தாள். பிரவீனாவும் சுகன்யாவும் பையை மாட்டிக்கொண்டு எதையோ பேசியபடி வந்துகொண்டிருந்தார்கள். ரெண்டு வருசமாக அந்தப் பிள்ளையை அவள் வேகமாக நடக்கக்கூட விட்டதில்லை.

"சேர்த்துக்கங்க" என்றாள். "ஓடறதுக்கு முன்னால என்ன திங்கணும்னு டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வாரேனுங்க."