கத்தரிக்கோல் தொங்கிய டேப்

கனகவள்ளியின் டேப்பைப் பற்றிய ரகசியம் கனகவள்ளிக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அதன் நுனியில் கத்தரிக்கோலைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். இரும்புக் கத்தரி சும்மா தொங்குமா? டேப்பை இழுத்து நீட்டிவிட்டது. முப்பத்தாறு அங்குல இடுப்பை அது முப்பத்தைந்து என்றுதான் சொல்லும். துணியையும் அதே டேப்பால் அளந்து வெட்டுவதால் பிளவுஸ் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ரெடிமேட் கடையில் அதே அளவு வாங்கி அது இறுக்கிப் பிடித்தால், கம்பெனிக்காரன் துணியில் கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று பெண்கள் அவனைத் திட்டினார்கள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் எத்தனையோ டெய்லர்கள் இருக்க, செம்பூரிலிருந்தெல்லாம் தன்னைத் தேடி வருவது கைராசியாலா டேப்பின் ராசியாலா என்று கனகவள்ளி யோசிப்பதே இல்லை. யோசித்தால் தூக்கம் போய்விடும்.

இப்போது போய்விட்டது. காரணம், இரண்டு ஓரகத்திகள்.

மூத்தவள் சங்கரேஸ்வரிக்கு வீடு தாராவியிலேயே. இளையவள் ரஞ்சனாவுக்குச் செம்பூர். அண்ணன் தம்பிகளான புருஷன்மார் இருவரும் சேர்ந்து பாத்திரக்கடை நடத்துகிறார்கள். பெண்டாட்டிமார் இதுவரை எதிலும் சேர்ந்ததில்லை. நாத்தனார் மகளுக்கு மாதுங்காவில் கல்யாணம். குடும்பத்துப் பெண்களுக்கு மொத்தம் பதினெட்டு பிளவுஸ், எல்லாம் கனகவள்ளியிடம். இப்படி ஓர் ஆர்டருக்காக அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். ஓரகத்திகளில் யாராவது ஒருத்தி முகம் சுளித்தாலும் பாதி போய்விடும்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வாசலில் என்ன குடிக்கக் கொடுப்பது என்பதில்தான் சண்டை மூண்டது.

"மூலிகை டீ கொடுப்போம். உடம்புல உள்ள அழுக்கெல்லாம் இறங்கிரும்" என்றாள் சங்கரேஸ்வரி. அவள் கடைக்குக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைக் கனகவள்ளி வாங்கி மோந்து பார்த்தாள். பேதிக்குக் கொடுக்கிற நிலவாகை. இறங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மண்டபத்துல பாத்ரூம் ரெண்டுதான் அக்கா" என்றாள் ரஞ்சனா. "சிபிடி டிரிங்க் வெப்போம். ஏக்தம் ரிலாக்ஸ் ஆயிரும். டென்ஷன் போனா இடுப்பு தானா குறையும்."

"அது கஞ்சாச் செடில்லா? மாப்பிள தாலி கட்ட மறந்து உக்காந்திருப்பான்."

"செடி அதுதான். போதைய எடுத்துட்டுத்தான் கொடுக்காங்க."

"போதைய எடுத்துட்டா அதுல என்னட்டி இருக்கு?"

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். அவரவர் சரக்கை ஒரு மாதம் அவரவர் குடிப்பது. யார் இடுப்பு அதிகம் குறைகிறதோ, அவள் சொன்னதுதான் வாசலில். அளப்பது கனகவள்ளி.

"கனகு டேப்பு பொய் சொல்லாது" என்றாள் சங்கரேஸ்வரி. கனகவள்ளி அவசரமாகக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். அன்று மூத்தவள் முப்பத்தெட்டு, இளையவள் முப்பத்தைந்து. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த மாதம் முழுக்கச் சங்கரேஸ்வரி ஓடினாள். துணி வெட்டக் கொடுக்க வந்த அன்றைக்கே மூன்று முறை பாதிப் பேச்சில் எழுந்து ஓடினாள். ரஞ்சனாவோ தூங்கினாள். ரயிலில் செம்பூரில் இறங்க வேண்டியவள் இரண்டு தடவை அதைத் தாண்டி மான்குர்து போய்க் கண் விழித்தாள்.

தீர்ப்பு நாள் வந்தது. ரஞ்சனா கைப்பையிலிருந்து பளபளவென்று புது டேப் ஒன்றை எடுத்தாள்.

"டெய்லரக்கா, உங்க டேப்ல நம்பரே அழிஞ்சு போச்சு. இதுல அளங்க."

கனகவள்ளி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பழகின டேப்புன்னாத்தாம்மா எனக்குக் கை நிக்கும்" என்று சொல்லிப் பார்த்தாள். ஓரகத்திகள் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அளந்தாள். மூத்தவள் முப்பத்தொன்பது, இளையவள் முப்பத்தாறு.

சங்கரேஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பது நாள் ஓடிருக்கேன், கனகு. ஓடினதுக்காவது குறைய வேண்டாமா?"

ரஞ்சனா ஆணியிலிருந்த பழைய டேப்பை எடுத்து, புதியதன் பக்கத்தில் மேசைமேல் நீட்டி வைத்தாள். பழையது முப்பத்தைந்து என்ற இடத்தில் புதியது முப்பத்தாறு என்றது. இருவரும் நிமிர்ந்து கனகவள்ளியைப் பார்த்தார்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. "ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள் கனகவள்ளி. "மாத்தணும்னுதான் இருந்தேன். ஒவ்வொருத்தரும் அளவு கேட்டதும் சிரிச்சுக்கிட்டே போவாங்க. அதப் பாத்துப் பாத்து மனசு வரல. தப்புதான்." பதினெட்டு பிளவுஸும் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தாள்.

சங்கரேஸ்வரி எழுந்து நின்று கைகளைத் தூக்கினாள். "பழைய டேப்பால அள."

முப்பத்தெட்டு. அடுத்து ரஞ்சனா, முப்பத்தைந்து. போன மாதம் எழுதியதற்கும் இதற்கும் நூலளவு வித்தியாசமில்லை.

"அப்ப ரெண்டும் ஒண்ணுஞ்செய்யல" என்றாள் ரஞ்சனா.

"கூடவும் இல்லல்லா" என்றாள் சங்கரேஸ்வரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வேற யாருக்கு கனகு தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"தெரியவும் வேண்டாம்."

ரஞ்சனா புது டேப்பைச் சுருட்டிக் கைப்பையின் அடியில் திணித்தாள். சங்கரேஸ்வரி ஓரகத்தியின் தோளில் கைபோட்டாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "வாசல்ல மோர் கொடுப்போம்ட்டி" என்றாள். இளையவள் சரியென்றாள். கனகவள்ளிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ரகசியம் வியாழக்கிழமை வரை தாங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் முலுண்டிலிருந்து ரஞ்சனாவின் தங்கை, கூடவே இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தப் பழைய டேப்பாலதான் அளக்கணும்னு அக்கா சொன்னா."

"உக்காருங்கம்மா, வாரேன்" என்றாள் கனகவள்ளி. ஆணியிலிருந்து டேப்பை எடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறுநுனியைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.