மிக்ஸிங்: சாலமன்

"சேப்பு எரிஞ்சா இன்னா இப்போ? வூடா பத்திக்கினு எரியப் போவுது?"

இப்படிக் கேட்டவன் சாலமன். கேட்டது ஜானட்டின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. தங்கச்சி தண்ணீர் பிடிக்கக் கீழே போன நேரம் பார்த்து அண்ணன்காரன் அதில் குந்தி, கம்ப்யூட்டரில் அவள் நாள்கணக்காக உட்கார்ந்து மிக்ஸ் பண்ணி வைத்திருந்த பாட்டில் கையை வைத்துவிட்டான். திரையின் ஓரத்தில் மாஸ்டர் மீட்டர் என்று ஒன்று உண்டு. பாட்டு மொத்தமாக எவ்வளவு சத்தத்தில் வெளியே போகிறது என்று அது காட்டும். பச்சை என்றால் நிம்மதி, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் பாட்டு உடைகிறது என்று அர்த்தம். அந்த மீட்டர் இப்போது உச்சியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு, இறங்குவேனா என்று நின்றது.

குடத்தை வாசலிலேயே வைத்தாள் ஜானட். "எழுந்திரு."

"இருடி. இப்போதான் பாட்டு பாட்டு மாரி கீது."

"மாஸ்டரை எவ்ளோ ஏத்திகீற, தெரியுமா? எழுந்திருண்ணா, பாத்தாலே வயிறு எரியுது."

"சத்தம் பத்தல, ஏத்துனேன். நீ சோப்ளாங்கி மாரி மிக்ஸ் பண்ணி வச்சா நான் இன்னா பண்றது?"

சத்தம் பத்தல. இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே ஜானட்டுக்குக் காது புளித்துவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் இதே பஞ்சாயத்துதான். குரல் பத்தலை, ட்ரம்ஸ் பத்தலை, பேஸ் பத்தலை என்று வந்து நிற்பான். எதுதான் இவனுக்குப் பத்தியிருக்கிறது?

அந்த மாடி அறையில் சத்தம் பத்தாததற்குக் காரணம் பாட்டு இல்லை, கீழே இருக்கும் வீட்டுக்கார ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி. ராயபுரத்தில் நாள் முழுக்க ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். அதற்கெல்லாம் ஆன்ட்டி வாயைத் திறக்க மாட்டாள். மேலே ஸ்பீக்கர் கொஞ்சம் ஏறிவிட்டால் போதும், ஒட்டடைக் கம்பை எடுத்து சீலிங்கில் இடிக்க ஆரம்பித்துவிடுவாள். ஜெபமாலை சொல்லும் நேரமாக இருந்தால் இடியோடு சாபமும் சேர்ந்து வரும். அதனால் ஸ்பீக்கரின் குமிழை ஜானட் எப்போதும் அடியிலேயே வைத்திருப்பாள். வேலையெல்லாம் ஹெட்போனில்தான். சாலமன் ஹெட்போன் மாட்ட மாட்டான். துரைக்கு முடி கலைந்துவிடுமாம்.

"எத்தினி தபாண்ணா சொல்றது?" என்றாள். "குமிழு இந்த ரூமுக்கு. நான்தான் கொறச்சி வச்சிகீறேன், ஆன்ட்டி கத்துதுன்னு. நீ இழுத்து வுட்டது பாட்டோட சத்தத்த. இங்க உனக்கு ஒண்ணும் தெரியாது. அங்க மேடையில பெரிய பாக்ஸுல போட்டா கர்ரு புர்ருன்னு கிழியும். மீட்டர பாரு."

"நான் காதால பாடறவன். மீட்டர பாத்து பாடறவன் இல்ல."

"வாயால பாடு. காதுதான் உனக்கு இல்லியே."

சாலமனுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "இன்னா, வாய் ஓவரா போவுது? கம்ப்யூட்டரு யாரு வாங்கினு வந்தது? நான் பாடலன்னா நீ இன்னா மிக்ஸ் பண்ணுவ? ஆன்ட்டி இடிக்கிற கம்பு சத்தத்தையா?"

கம்ப்யூட்டர் அவன் வாங்கியதுதான். ஆனால் அதில் வேலை கற்றுக்கொண்டது அவள். இதுவரை வந்த பதினொரு கானா பாட்டையும் உட்கார்ந்து இழைத்தவள் அவள். சாலமன் தொண்டை கட்டிப் பாடிய இடத்தையெல்லாம் தேய்த்து, சுருதி விட்ட இடத்தை ஒட்டுப்போட்டு, அவனை வடக்கு மெட்ராஸ் முழுக்க ஒரு ஆளாக்கிவிட்டது அவள். வீடியோவில் வருகிற பெயர் என்ன? மிக்ஸிங்: தௌசீஃப். தௌசீஃப் வண்ணாரப்பேட்டைப் பையன், சாலமனின் தோஸ்து, வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். மாஸ்டர் மீட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூட அவனுக்குத் தெரியாது.

"தங்கச்சி மிக்ஸிங்னு போட்டா தோஸ்துங்க கலாய்ப்பானுங்கடி" என்பதுதான் அண்ணன் சொன்ன காரணம். தௌசீஃபும் வேண்டாம் என்று சொன்னதில்லை. புகழ் வருகிறது, கசக்கவா செய்யும்?

போன மாசம் வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் மிக்ஸிங்குக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஜானட் போனாள். என்ன பாட்டு பண்ணியிருக்கீங்க என்று கேட்டார்கள். சொன்னாள். அங்கே இருந்தவன் போனில் பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல தௌசீஃப்னு இருக்கே மேடம்" என்று சிரித்தான். மேடமாம். அந்தச் சிரிப்பு ராயபுரம் வருகிற வரைக்கும் பஸ்ஸில் கூடவே உட்கார்ந்து வந்தது.

வந்ததும் ஜானட் சொல்லிவிட்டாள். அடுத்த பாட்டில் என் பெயர் வரும் என்றால் கை வைப்பேன், இல்லை என்றால் நீயே பார்த்துக்கொள். சாலமன் குதித்தான், கெஞ்சினான், நாலு நாள் பேசாமல் இருந்தான். பாட்டு வெளியீட்டுக்கு மேடை பேசி, பேனர் அடித்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வீட்டில் இருக்கும் மாதா படத்தில் கையை வைத்து, "மிக்ஸிங் ஜானட்னு போடறேன், போதுமா?" என்று சத்தியம் பண்ணினான். அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் இந்தப் பாட்டில் உயிரைக் கொடுத்தாள். எண்ணூர் ஹைரோட்டில் வரும் கன்டெய்னர் லாரியும் தானும் ஒன்று, எவனாலும் நிறுத்த முடியாது என்று சாலமன் தன்னைத் தானே புகழ்ந்து பாடிய பாட்டு. அதைக் கூட ரெண்டு தடவை கேட்கலாம் என்கிற மாதிரி பண்ணி வைத்திருந்தாள்.

"தள்ளு. கொறைக்கிறேன்" என்று மவுஸில் கையை வைத்தாள்.

அவன் கையைத் தட்டிவிட்டான். "தொட்ட, அவ்ளோதான். இப்டியே எடுக்கப் போறேன்."

அவள் எப்படி எடுப்பாள் என்று பின்னால் நின்று பார்த்து வைத்திருக்கிறான், திருடன். பட்டனை அமுக்கினான். பாட்டு சிவப்போடு சிவப்பாக ஃபைலாகி பென் டிரைவில் ஏறியது. பார்த்துக்கொண்டே நின்றாள் ஜானட். இந்தப் பாட்டு மேடையில் உடையப் போகிறது. உடைகிற பாட்டுக்கு மேலே அவள் பெயர் வரப் போகிறது. முதல் தடவையாக, பெரிய எழுத்தில்.

"அப்போ எம்பேர போடாத" என்றாள்.

சாலமன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! கடன் கொடுத்தவன் தானாக வந்து கணக்குத் தீர்ந்தது என்று சொன்ன மாதிரி பல்லைக் காட்டினான். "நீதான் சொல்ற. அப்பால மாதா கிட்ட போட்டுக் குடுக்காத."

"ஏத்துனது யாரு?"

"நான்தான்."

"அப்போ உம்பேரையே போடு."

அதற்குள் தௌசீஃபுக்குப் போனைப் போட்டுவிட்டான். "மாமு, மிக்ஸிங்னு ஒரு எடம் கீதில்ல, அதுல எம்பேர போடு."

"ஜானட் பேருன்னு சொன்னியே?" என்று கேட்டது தௌசீஃபின் குரல்.

"அதுவே வேணாங்குது."

ஜானட் குனிந்து போனிடம் சொன்னாள். "ஆமா தௌசீஃப். எங்கண்ணன் பேரே போடு. நல்லா பெருசா போடு."

சாலமன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் தோஸ்து ஒருத்தனின் ஆட்டோவில் போட்டுக் கேட்டான். எந்தப் பாட்டானாலும் அதில் போட்டுப் பார்த்து ஓகே சொல்வதுதான் அந்தக் கும்பலின் வழக்கம். அந்த ஆட்டோவின் பின்சீட் ஸ்பீக்கர் எந்தக் காலத்திலோ கிழிந்தது. அதில் எதைப் போட்டாலும் கரகரவென்றுதான் கேட்கும். அதைத்தான் கெத்து என்று இத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "அதிருதுடி!" என்று கீழே இருந்து கத்தினான் சாலமன். ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி அவனுக்கும் ஒரு சாபம் விட்டாள்.

சாயங்காலம் ஜானட் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "மாதாவே, நாளைக்கு நல்லா கிழியணும்" என்று மனசார வேண்டிக்கொண்டாள். ஜெபம் என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் அவ்வளவு உருக்கமாக அவள் வேறு எதையும் வேண்டியதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்ததும் தெருமுனையில் மேடை களைகட்டிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட சாலமன் பேனர், பின்னால் பெரிய திரை, ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பாக்ஸ். சவுண்ட் சர்வீஸ் திருவொற்றியூர் நீலமேகத்துடையது. கோபக்காரர். அவரைத் திட்டினால் கூட ரெண்டு நிமிஷம் யோசிப்பார், அவருடைய பாக்ஸைச் சொன்னால் அவ்வளவுதான். தௌசீஃப் போனை ஸ்டாண்டில் மாட்டி சாலமனின் சேனலில் லைவ் விட்டுக்கொண்டிருந்தான். ஜானட் மேடைக்குப் பக்கவாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. திரையில் பெயர்கள் வந்தன. பாட்டு, மெட்டு, குரல், மிக்ஸிங், எல்லாம் சாலமன். விசில் பறந்தது. அப்புறம் பேஸ் இறங்கியது பாருங்கள், ரெண்டு பக்க பாக்ஸும் சேர்ந்து கர்ரென்று கத்தின. குரல் வந்தபோது அது குரலாகவே இல்லை, இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருந்தது. முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்தின. "இன்னாடா கலீஜா கீது" என்று ஒருத்தன் சத்தமாகவே சொன்னான்.

கிழிந்தது. ஜானட்டுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

சாலமன் கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினான். ஸ்டாண்டில் இருந்த மைக்கைப் பிடுங்கினான். "இன்னாய்யா பாக்ஸ் இது? கிய்ஞ்ச பாக்ஸ இட்டாந்து எந்தலையில கட்டறியா?"

நீலமேகம் எழுந்து நின்றார். அதே பென் டிரைவில் இருந்த சாலமனின் பழைய பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டார். அடேயப்பா! பேஸ் வந்து நெஞ்சில் இடித்தது, ட்ரம்ஸ் தனியாகக் கேட்டது, குரல் கண்ணாடி மாதிரி நின்றது. கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினார் நீலமேகம். புதுப் பாட்டின் வீடியோவைப் பின்னால் ஓட்டி, பெயர் வருகிற இடத்தில் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, தன்னுடைய மைக்கை எடுத்தார்.

"இப்போ சொல்லு. பாக்ஸ் கிய்ஞ்சிகீதா, பாட்டு கிய்ஞ்சிகீதா? மிக்ஸிங் யாருன்னு எல்லாரும் படிங்கப்பா, தோ போட்டுகீது."

தெருவே படித்தது. மிக்ஸிங்: சாலமன். பின்னாலிருந்து ஒருத்தன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இழுத்துச் சொல்ல, குபீரென்று சிரிப்பு கிளம்பியது.

சாலமன் நாலு பக்கமும் பார்த்தான். ஜானட் கண்ணில் பட்டாள்.

"நான் இல்ல!" என்று மைக்கில் கத்தினான். "எந்தங்கச்சி பண்ணது! தோ நிக்கிறா பாரு, ஜானட், இவதான் மிக்ஸிங்! எம்பேரு சும்மா போட்டது!"

ஜானட் எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! இவன் வாயிலிருந்து, மைக்கில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, இவதான் மிக்ஸிங். எதற்குச் சொல்கிறான் பாருங்கள், பாவி. பழியைத் தூக்கிப் போடுவதற்கு.

"வாய்க்கு வந்தத சொல்லாத" என்றார் நீலமேகம். "உம்பேரு கீது. பழைய பாட்டுல எல்லாம் தௌசீஃப் பேரு கீது. இந்தப் பொண்ணு பேரு எங்க கீது?"

"ஐய, தௌசீஃபுக்கு இன்னா தெரியும்? வீடியோ ஒட்றவன் அவன். சந்தேகம்னா அவனையே கேளு! எல்லா பாட்டும் இவதான் பண்ணுவா. ஒண்ணு வுடாம இவதான்!"

எல்லாரும் தௌசீஃபைப் பார்த்தார்கள். அவன் லைவ் ஓடிக்கொண்டிருந்த போனைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"எல்லாமா?" என்றார் நீலமேகம் நிதானமாக. "இப்போ போட்டேனே, கும்முனு கேட்டுதே. அதுவுமா?"

"அதுவும்தான்!"

சொன்ன பிறகுதான் சாலமனுக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் முதுகுக்குப் பின்னால் திரையில் அவன் பெயர் அப்படியே நின்றது.

ஜானட் மேடைக்கு முன்னால் வந்தாள். கூட்டம் வழி விட்டது.

"இந்தப் பாட்ட ஏத்துனது யாருன்னு ஸ்கிரீன்ல கீது, அத நான் சொல்ல வேணாம்" என்றாள். "மத்தது எல்லாம் யாருன்னு இப்போ சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு."

சாலமன் பல்லைக் கடித்தான். "வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தான்.

"சத்தம் பத்தலண்ணா" என்றாள் ஜானட். "ஏத்தி சொல்லு."

நீலமேகம் சாலமனின் மைக் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.